பழைய அளவு

பேஸ்லைன் வீதியில் அந்தச் சின்னக் கதவு
பத்து இருபதுக்குத்தான் திறந்தது.
ஏழு மணியிலிருந்து நிற்கிறேன்.
காவலுக்கு நின்றவன் இரண்டு தரம் பார்த்தான்,
மூன்றாம் தரம் அடையாளம் கண்டு
வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.
ஆறு வருஷத்துக்கு முன் நானும்
இதே கதவால்தான் குனிந்து வந்தேன்.
அன்றைக்கு என்னைக் கூட்டிப்போக வந்தவன் ஒரே ஒருவன்.
அவன் சட்டைப்பையில் சாமான் இருந்தது.

கிறிசோஸ்தம் வந்தான்.
ஒரு கையில் சொப்பிங் பேக்,
மறு கையால் காற்சட்டையைப் பிடித்திருந்தான்.
பிடிபட்ட அன்று போட்டிருந்த அதே காற்சட்டை.
பதினான்கு மாதத்தில் அது அப்படியே இருக்க
இடுப்பு மட்டும் போய்விட்டது.
பெல்ட்டைத் திருப்பித் தரவில்லையாம்.
கேட்டதற்குச் சிரித்தார்களாம்.

பொரளைச் சந்தியில் மாலுபாண், பிளேன்ரீ.
மூன்று கரண்டி சீனி போட்டான், பிறகும் ஒன்று.
"வீட்டிலயிருந்து ஆராச்சும்..." என்று தொடங்கி
முள் தேடுகிறவன் போல
பாணைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தான்.
அவன் அக்கா டெல்பின் நேற்று இரவு எடுத்திருந்தாள்:
"இஞ்ச மட்டும் வேண்டாம்.
தையல் மெஷினை இப்பத்தான்
ரெண்டாந்தரம் வாங்கியிருக்கிறன்."

அதை நான் சொல்லவில்லை.
மோதரையில் அறை இருக்கிறது என்றேன்,
நாலு பேர், ஒரு ஃபேன்.
பொலிஸ் ரிப்போர்ட் கேட்காத லாண்டரி ஒன்று,
திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.
"நீராவி கண்ணுக்குள்ள போகும்" என்றேன்.
"பரவாயில்ல" என்றான், எதற்கும் அதையே சொன்னான்.

நூற்று எழுபத்தாறு.
பஞ்சிகாவத்தையில் பஸ் நெரிசலில் நின்றது.
டயர்க் கடை ஓரமாய் ஒரு பொடியன்
மூக்கைச் சொறிந்துகொண்டு யாரையோ பார்த்து நின்றான்.
நாங்கள் இருவரும் அவனைப் பார்த்தோம்.
இருவரும் பார்க்காதது மாதிரி இருந்தோம்.
எனக்கும் கை வியர்த்தது.

இனி அதைச் சொல்ல வேண்டும்.
ஒருமுறை சொல்லாமல் விட்டவன் நான்.

போன ஆனியில் நௌஷாத்.
வெளியே வந்து மூன்றாம் நாள்,
புறக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ்.
கழுவுகிற மனுசிதான் தாழ்ப்பாளை உடைத்தாள்.
ஒரு வருஷமாய்த் தொடாத உடம்புக்கு
ஒரு வருஷத்துக்கு முந்திய அளவைக் கொடுத்திருந்தான்.
அது கொல்லும் என்று எனக்குத் தெரியும்.
சொன்னால் சம்மதம் கொடுத்ததாகிவிடும் என்று
முதுகில் தட்டினேன்,
திடமாயிரு என்றேன்.
திடமாயிரு!

"கிறிசோ, கேள்.
தொடாத. அதுதான் முதல்.
தொட்டாலும் பழைய அளவு வேண்டாம்.
இந்தக் காற்சட்டை மாதிரித்தான்,
அது இப்ப உன்ர அளவில்ல.
தனிய இருந்து வேண்டாம். கதவைப் பூட்டாத.
எத்தினை மணியெண்டாலும் எனக்கு எடு.
ஏசுவன். ஏசிக்கொண்டே வருவன்."

முன் சீட்டு மனுசி
கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.
அவன் யன்னல் கம்பியையே பார்த்திருந்தான்.
ஆமர் வீதி தாண்டியதும் கேட்டான்:
"நீ கடைசியா எப்ப?"
"ஆறு வருஷம். நேற்றும் யோசிச்சன்."
அப்போதுதான் சிரித்தான்.
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

ஹெட்டியாவத்தையில் இறங்கி
நடைபாதையில் பெல்ட் ஒன்று எடுத்தோம்.
எண்ணூறு சொன்னார், அறுநூறுக்கு விட்டார்.
கடைசி ஓட்டைக்கும் நிற்கவில்லை.
கடைக்காரர் ஆணியும் கல்லும் எடுத்து
இன்னும் உள்ளே தள்ளி ஒன்று குத்தினார்.
"நல்லாச் சாப்பிடுங்க தம்பி,
ரெண்டு மாசத்தில பழைய அளவுக்கு வந்திருவீங்க."

நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

காற்சட்டையை விட்ட கையை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
சொப்பிங் பேக்கை இரண்டு கையாலும் பிடித்து
எனக்கு முன்னால் நடந்தான், வழி தெரியாமலே.

இன்று வியாழன்.
சனிக்கிழமைக்கு நான் லீவு சொல்லியிருக்கிறேன்.